நின்ற நாடியும் ஒட்டிய சன்னல்களும்

டோன்யா லிபா ஊரின் கலாசார மண்டபத்துச் சன்னல்களுக்குத் திஹோமிர் பச்சைப் பெயின்ட் அடித்தான். அதில் தப்பில்லை. மண்டபக் காவலாளி அடிக்காமல் வேறு யார் அடிப்பார்? ஆனால் சன்னல்களைத் திறந்து வைத்து அடித்திருக்க வேண்டும். மூடி வைத்து அடித்தான். பெயின்ட் கெட்டியாக இருந்ததால் ராக்கியாவை ஊற்றிக் கலக்கினான் என்று சிலர் சொல்வார்கள். அது பொய். சாராயத்தைச் சன்னலுக்கு ஊற்றுகிற அளவுக்கு அவன் தாராள மனசுக்காரன் இல்லை.

காய்ந்த பிறகு தள்ளிப் பார்த்தான். சன்னலும் சட்டமும் புதிதாகக் கல்யாணமான ஜோடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு பக்கச் சன்னல்கள் மட்டுமல்ல, எல்லாச் சன்னல்களும்.

வேறு ஊராக இருந்தால் வேலை போயிருக்கும். இங்கே யாருக்கும் தெரியவே இல்லை. ஏனென்றால் இந்த ஊரில் யாரும் சன்னலைத் திறப்பதே இல்லை. ப்ரோமாயா பயம். எதிரெதிராக இரண்டு திறப்பு இருந்தால் நடுவே ஓடுகிறதே குறுக்குக் காற்று, அதற்குத்தான் அந்தப் பெயர். பிடரியில் பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும். காதில் பட்டால் வாய் கோணும். இடுப்பில் பட்டால் வம்சமே நிற்கும். போரில் குண்டடி பட்டும் பிழைத்து வந்த ஆள் பேருந்தில் பின்சன்னல் திறந்திருந்ததால் செத்துப்போனான் என்று சத்தியம் செய்கிற ஊர் இது. ஆகஸ்ட் வெயிலில் தார் உருகி ஓடும். பேருந்துக்குள் முப்பது பேர் சன்னலை மூடிக்கொண்டு வேகுவார்கள். சாவு எப்படி வந்தாலும் சரி, காற்றோட்டமாக வரக் கூடாது.

அந்த ஆகஸ்டில்தான் மாஸ்டர் ஸ்பாசோயே வந்து சேர்ந்தார்.

முன்னொரு காலத்தில் ரயில் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறிக்கொண்டிருந்தவர். பிறகு ஏதோ ஒரு மலையில் ஏதோ ஒரு ஒளி அவரைத் தொட்டதாம். எந்த மலை என்று கேட்டால் கிழக்கே கை காட்டுவார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு, குரலில் வெண்ணெய். அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்க இதயம் பழக்கத்துல துடிக்குது. அதுக்கு உத்தரவு போட ஆள் இல்ல. நான் போடறேன். நிறுத்தறேன். மறுபடி ஓட விடறேன். ஓட ஆரம்பிச்சா அது புது இதயம்."

ஊர் மொத்தமும் வாயைப் பிளந்தது. பிளந்த வாய்க்குள் காற்றுப் போய்விடும் என்று உடனே மூடிக்கொண்டது.

முதல் நாள் மேடையேறியதும் மாஸ்டர் கேட்டார்: "என் நாடியைப் பார்க்க ஒரு நேர்மையான ஆள் வேணும்." கூட்டத்தில் அப்படி ஒருவரும் கிடைக்காததால் காவலாளியைக் கூப்பிட்டார்கள். திஹோமிர் மேலே போனான். முதலில் மணிக்கட்டின் தப்பான பக்கத்தில் தேடினான். மாஸ்டரே பரிவோடு அவன் விரலைச் சரியான இடத்துக்கு நகர்த்தி வைத்தார். துடிப்பு இருந்தது. மாஸ்டர் கண்களை மூடினார், உடம்பை இறுக்கினார். துடிப்பு மெலிந்தது. மெலிந்து, காணாமல் போனது.

"இல்ல," என்றான் திஹோமிர், ஒலிபெருக்கியில்.

அந்த ஒரு சொல்லுக்குக் கிடைத்த கைதட்டல் அவன் வாழ்நாளில் வேறெதற்கும் கிடைத்ததில்லை. இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான்.

பிறகு மற்றவர்களின் முறை. வரிசையாக நிற்க வேண்டும். முழங்காலை விறைத்து நிற்க வேண்டும். இரண்டு கையையும் தூக்க வேண்டும். மூச்சை வேகவேகமாக இழுத்து விட வேண்டும். மாஸ்டர் வரிசையில் நடந்து வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து, காதில் ஏதோ கேட்டு, கடைசியில் "நில், இதயமே" என்பார். தொப் தொப்பென்று விழுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, அசட்டுச் சிரிப்போடு எழுந்து உட்காருவார்கள். புது இதயம் மாட்டியாகிவிட்டது.

புது இதயத்துக்குப் பழைய மாத்திரை எதற்கு? மண்டப வாசலில் ராக்கியா காய்ச்சுகிற செப்புக் கொப்பரை ஒன்றை வைத்திருந்தார்கள். வரிசையில் சேர விரும்புகிறவர்கள் தங்கள் மாத்திரைகளை அதில் போட வேண்டும். அதுதான் நம்பிக்கைக்கு அடையாளமாம். ரத்தக்கொதிப்பு மாத்திரை, இதய மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் அதில் கலர் கலராகக் கிடந்தன. பக்கத்திலேயே கூடை. அதில் என்ன விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு வாரத்தில் ஊர் இரண்டு சாதியாகப் பிரிந்தது: விழுந்தவர்கள், விழாதவர்கள். காபிக் கடையில் விழுந்தவர்களுக்கு நாற்காலி. வரி அதிகாரி இரண்டு தடவை விழுந்தார், அதிகாரி அல்லவா. பாதிரியார் அந்தப் பக்கமே போகவில்லை என்றார். அவருடைய தொப்பி மட்டும் எப்படியோ மேடையில் உருண்டதைப் பலர் பார்த்திருந்தார்கள்.

ஒவ்வொரு மாலையும் மாஸ்டர் திஹோமிரைத் தனியே கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"தம்பி, சன்னலெல்லாம் மூடியிருக்கில்ல?"

"கடவுளே வந்து தள்ளினாலும் திறக்காது மாஸ்டர்."

"நல்லது. நான் எத்தனையோ மண்டபத்துல நின்னிருக்கேன். உங்க மண்டபம் மாதிரி ஆற்றல் தங்குற இடம் வேற இல்ல. மத்த ஊர்ல பத்துல ரெண்டு பேர் விழுவாங்க. இங்க எட்டுப் பேர் விழறாங்க."

திஹோமிருக்குப் பெருமையாக இருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் கூச்சமாகவும் இருந்தது. பெருமைக்கு இடம் விட்டுக் கூச்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

அவன் அக்கா லூபிங்கா விஷயத்தில்தான் அது எழுந்து நின்றது.

லூபிங்காவின் இதயம் தாளம் தப்பித் துடிக்கிற ரகம். காலையில் ஒரு வெள்ளை, இரவில் ஒரு ரோஸ் நிற மாத்திரை. அந்த இரண்டும்தான் அதைத் தாளத்தில் பிடித்து வைத்திருந்தன. கணவன் போனபின் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். இப்போது கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. செருப்பு காலில் நுழையவில்லை.

"அக்கா, மாத்திரை சாப்பிட்டியா?"

"சூப் ஆறுது, உக்காரு."

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"தலை ஈரமா இருக்கு, இப்படியா வெளிய போய்ட்டு வருவ? மூளைக் காய்ச்சல் வரும்."

அவளிடம் ஒரு கேள்வியைப் போட்டால் வேறு பொருளாகத்தான் திரும்பி வரும்.

"சனிக்கிழமை என் முறை," என்றாள் ஒரு நாள், சூப்பைப் பார்த்துக்கொண்டே. "மாஸ்டர் தேதி குடுத்துட்டார்."

திஹோமிரின் கரண்டி பாதியில் நின்றது. வரிசையில் இடம் வேண்டுமென்றால் கொப்பரையில் மாத்திரை விழ வேண்டும். அதைக் கேட்க வாயெடுத்தான். அவள் ரொட்டியை எடுத்து அவன் வாயில் வைத்தாள்.

மறுநாள் அவன் மருத்துவ நிலையத்துக்குப் போனான். எப்போதும் சந்தைக்கடை மாதிரி இருக்கிற இடம், இப்போது ஈயோட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் க்ரோஸ்தானா நாற்காலியைச் சன்னலருகே போட்டு, புகைபிடித்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சன்னல் திறந்திருந்தது. ஊரிலேயே திறந்திருந்த ஒரே சன்னல் அதுதான். அதனாலேயே அவளைப் பாதிப் பேருக்குப் பிடிக்காது.

"வாப்பா. நீதானே ஒலிபெருக்கியில 'இல்ல'ன்னு சொன்னவன்?"

"தொட்டுப் பார்த்தேன் டாக்டரம்மா. நெஜமாவே இல்ல."

"எங்க தொட்ட?"

"மணிக்கட்டுல."

"கழுத்துல?"

"கழுத்துல எதுக்கு? துண்டு போட்டிருந்தார்."

அவள் புகையை வெளியே ஊதினாள். "உடம்புக்குள்ள ஒரு ஆபீஸ் இருக்கு திஹோமிர். உன்னைக் கேக்காம வேலை செய்யற நரம்பு ஆபீஸ். இதயம் துடிக்கறது, வேர்க்கறது, சூப்பு செரிக்கறது, வெளிச்சம் பட்டா கண்மணி சுருங்கறது, எல்லாத்தையும் அது பாத்துக்கும். நீ தூங்கினாலும் அது தூங்காது."

"நம்ம நகராட்சிக்கு அப்படி ஒண்ணு இல்லையா?"

"இருந்தா ரோடு இப்படி இருக்குமா? கேளு. அதுல ரெண்டு பிரிவு. நாய் துரத்தினா ஒரு பிரிவு முடுக்கி விடும்: நெஞ்சு அடிக்கும், வாய் உலரும், உள்ளங்கை வேர்க்கும். நாய் போனதும் இன்னொண்ணு தணிச்சு விடும்: இதயம் மெதுவாகும், வயிறு வேலையைத் தொடங்கும். இதுக்கு வெளியில இருந்து எவனும் மேனேஜரா வர முடியாது. உத்தரவு போட்டா நிக்கறதுக்கு அது என்ன, பேருந்தா?"

"அப்ப எல்லாரும் விழறாங்களே?"

"அடைச்ச மண்டபம். உள்ள அடுப்பு மாதிரி வேகுது. உடம்பைக் குளிர வைக்க அந்த ஆபீஸ் தோல்ல இருக்கற ரத்தக் குழாயெல்லாம் விரிச்சு விடும். முழங்காலை விறைச்சு நின்னா ரத்தம் கால்லயே தங்கிடும். போதாததுக்கு மூச்சு வேற புஸ்ஸு புஸ்ஸுன்னு. மூளைக்குப் போற ரத்தம் குறையும், ஆள் சாய்வான். சாஞ்சதும் தலையும் காலும் ஒரே மட்டம். ரத்தம் திரும்பி வரும். எந்திரிச்சுச் சிரிப்பான்."

"அதுதான் புது இதயமா?"

"அது பழைய தண்ணிக்குழாய். எனக்கு ஒண்ணுதான் புரியல. மத்த ஊர்லயும் இதையேதான் பண்றான், இவ்வளவு பேர் விழறதில்லையாம். உங்க மண்டபத்துல மட்டும் என்ன அப்படி ஒரு புழுக்கம்? ஒரு சந்துகூடவா இல்ல?"

திஹோமிரின் காதுகள் அவனைக் கேட்காமலே சிவந்தன. கழுத்தில் வேர்வை அரும்பியது.

டாக்டர் அவன் காதுகளைப் பார்த்தாள். "பாத்தியா, ஆபீஸ் வேலை செய்யுது. என்னப்பா பண்ணித் தொலைச்ச?"

"பெயின்ட் அடிச்சேன்," என்றான் திஹோமிர். "மூடி வச்சு."

டாக்டர் சிரித்த சிரிப்பில் சாம்பல் முழுவதும் குறுக்கெழுத்தில் கொட்டியது. அவன் அக்காவின் முறை சனிக்கிழமை என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அவங்க மாத்திரை சாப்பிடறாங்களா?"

"கேட்டா சூப் ஆறுதுங்கறா."

"மத்தவங்க விழுந்தா எந்திரிச்சுடுவாங்க. உங்க அக்கா அந்த இதயத்தோட, மாத்திரையும் இல்லாம அந்த அடுப்புக்குள்ள விழுந்தா எந்திரிப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. சனிக்கிழமை நானும் வரேன். நீ உளி எடுத்துட்டு வா."

சனிக்கிழமை. மண்டபத்துக்குள் காற்று ரொட்டி மாவு மாதிரி கனமாக இருந்தது. வேர்வை வாசனையும், வாசலில் விற்ற பூரெக் என்கிற இறைச்சி அடையின் எண்ணெய் வாசனையும் கலந்து மேலே போக வழியில்லாமல் கூரையில் முட்டிக்கொண்டு நின்றன. லூபிங்கா முதல் வரிசையில், தேவாலயத்துக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, இரண்டு கையையும் தூக்கி நின்றுகொண்டிருந்தாள். முகம் மோர் நிறத்தில் இருந்தது.

மாஸ்டர் வழக்கம்போல் முதலில் தன் நாடியை நிறுத்தினார். "யாராவது வந்து பாருங்க."

"நான் பாக்கறேன்," என்று டாக்டர் மேடையேறினாள். கூட்டம் முணுமுணுத்தது. அவள் மணிக்கட்டில் விரல் வைத்தாள். "ஆமா. மணிக்கட்டுல நாடி இல்ல."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மாஸ்டர் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

"இப்ப கழுத்துல பாத்துடறேன்."

"ஆற்றல் ஓடற இடம் அது, தொடக் கூடாது," என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமலே.

"சரி. கழுத்து வேண்டாம். ஒரு சன்னலைத் திறந்து வச்சுட்டு இவங்களை விழ வையுங்க. அது போதும் எனக்கு."

மண்டபம் அதிர்ந்தது. நாடி நின்றதற்கு யாரும் இப்படி அதிரவில்லை.

"டாக்டரம்மா, குழந்தைங்க இருக்காங்க உள்ள."

"எனக்கு முதுகெல்லாம் வேர்த்திருக்கு. இப்பக் காத்துப் பட்டா அப்படியே மரக்கட்டைதான்."

"படிச்சவங்க பேசற பேச்சா இது?" என்றார் வரி அதிகாரி.

"சன்னலைத் திறந்தா ஆற்றல் வெளிய போயிடும்," என்றார் மாஸ்டர். "வேண்டாம் மகளே."

திஹோமிர் அக்காவைப் பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் போய்ச் சன்னலைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். அசையவில்லை. உளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

"டேய், என்னடா பண்ற?"

"இது திறக்காது," என்றான் திஹோமிர். குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி, ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரியே உரக்கச் சொன்னான்: "எந்தச் சன்னலும் திறக்காது. நான்தான் மூடி வச்சுப் பெயின்ட் அடிச்சு ஒட்டிட்டேன். நீங்கல்லாம் விழறது மாஸ்டரால இல்ல. என்னாலதான்."

சொல்லிவிட்டு உளியில் ஓங்கி அடித்தான். சன்னல் திறக்கவில்லை. சட்டத்தோடு பெயர்ந்து வெளியே பிளம் மரத்தின் மேல் போய் விழுந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு, எதிர்ப்பக்கக் கதவை அகலத் திறந்து பூரெக் விற்கிறவள் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு திறப்பு. எதிரெதிரே.

ப்ரோமாயா வந்தது. டிமோக் ஆற்றுப் பக்கமிருந்து குளுகுளுவென்று உள்ளே நுழைந்து, நடு மண்டபத்தில் நடந்து, அந்தப் பக்கக் கதவு வழியே வெளியேறியது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பிடரியைப் பொத்திக்கொண்டார்கள். அம்மாக்கள் பிள்ளைகளைப் பாவாடைக்குள் தள்ளினார்கள். ஆண்கள் சட்டையை அவசர அவசரமாகக் காற்சட்டைக்குள் செருகினார்கள்.

மாஸ்டர் ஸ்பாசோயேவும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. மலை ஒளி தொட்டிருக்கலாம். ஆனால் குழந்தையில் அம்மா தொப்பி போட்டு வளர்த்த உடம்பு. "ஐயோ என் கழுத்து," என்று இரண்டு கையையும் தூக்கித் துண்டை இழுத்துக் காதோடு சேர்த்து மூடினார்.

கோட்டுக்குள்ளிருந்து, அக்குளிலிருந்து, சிவப்பு ரப்பர்ப் பந்து ஒன்று விழுந்தது.

டொக். டொக். டொக். மேடைப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது. யாருக்கும் அவசரமில்லாத ஒரு மாலை நடை மாதிரி உருண்டு போய், லூபிங்காவின் வீங்கிய காலில் முட்டி நின்றது.

டாக்டர் இன்னும் அவர் மணிக்கட்டை விடவில்லை. "நாடி வந்துடுச்சு," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "பந்தை அக்குள்ல வச்சு அழுத்தினா கைக்குப் போற ரத்தம் தடைபடும். இதயம் பாட்டுக்கு அது வேலையைப் பாக்கும். இப்ப என்னமா ஓடுது தெரியுமா, குதிரை மாதிரி. வேர்க்குது. வாய் உலர்ந்துபோச்சு. எங்க மாஸ்டர், இப்ப உத்தரவு போடுங்க. நிறுத்த வேண்டாம். கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்லுங்க, போதும்."

மாஸ்டர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்தப் பார்த்தார், ஈரம் இல்லை. இத்தனை நாளில் அந்த மேடையில் உண்மை பேசியது அவருடைய இதயம் மட்டும்தான். அது நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது.

"முதல்ல அந்தக் கதவை மூடித் தொலைங்கய்யா," என்றார் கடைசியில். குரலில் வெண்ணெய் இல்லை. ரயிலில் தட்டு தூக்கிய குரல்.

"யாரும் மூட வேண்டாம்," என்றாள் டாக்டர். "வரிசையில இருக்கறவங்க கையை இறக்கிட்டு மூச்சு விடுங்க. லூபிங்கா மட்டும் உக்காருங்க. மத்த யாராவது இப்ப விழுங்க பாப்போம்."

நின்றார்கள். காற்று அடித்தது. வேர்வை காய்ந்தது. ஒருவரும் விழவில்லை. ஒரு ஆள் மட்டும் மாஸ்டர் மேலிருந்த மரியாதையால் தானே மெல்லப் படுத்துப் பார்த்தார். தரை சில்லென்று இருந்ததால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று எழுந்துவிட்டார்.

"எனக்குப் பசிக்குது," என்றார் வரி அதிகாரி, ஆச்சரியத்தோடு.

இனி ஊரார் மாஸ்டரைப் பிடித்து உலுக்குவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? திஹோமிரைப் பிடித்தார்கள். "அந்த ஆளாவது பந்து வச்சு ஏமாத்தினான். நீ எங்களைக் கொல்லப் பாத்தியேடா. வேர்த்த உடம்புல காத்தைத் திறந்து விடறதா?" பூரெக் விற்கிறவளுக்கும் ஒரு பங்கு திட்டு விழுந்தது. அந்த அமளியில் மாஸ்டர் துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு பின்வாசலால் போனார். கூடையை மறக்கவில்லை. பந்தை மறந்துவிட்டார்.

வாசலில் மாத்திரைகளைத் திரும்ப எடுக்கக் கொப்பரையைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. எல்லாம் புழுக்கத்தில் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. எது யாருடைய மாத்திரை என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது.

டாக்டர் சன்னல் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பற்ற வைத்தாள். "நாளைக்கு எல்லாரும் வாங்க, புதுசா எழுதித் தரேன். ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போங்க. மூச்சு தானா வரும். இதயம் தானா துடிக்கும். தின்னது தானா செரிக்கும். எதுக்கும் நீங்க மெனக்கெட வேண்டாம். யோசிக்கறது ஒண்ணுதான் தானா நடக்காது. அந்த ஒரே ஒரு வேலையைத்தான் உங்க கையில விட்டிருக்கு. அதையும் ரயில்ல தட்டு தூக்கினவன்கிட்டக் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க."

மறுநாள் மருத்துவ நிலையத்தில் வரிசை தெருவரை நின்றது. முதலில் உள்ளே போனவர் சன்னலை மூடச் சொன்னார். அது இருக்கட்டும்.

சனிக்கிழமைக்கு வருவோம். மண்டபம் காலியானது. லூபிங்கா மட்டும் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்துப் பையை எடுத்து வர நிலையத்துக்குப் போயிருந்தாள். லூபிங்காவின் மடியில் சிவப்புப் பந்து. உதட்டுக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது.

திஹோமிர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, மாத்திரை சாப்பிட்டியா?"

"காத்து அடிக்குது, காலரை மூடு."

அவன் காலரை மூடினான். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவள் கையை எடுத்து மணிக்கட்டில் விரலை வைத்தான். துடிப்பு இல்லை. பயந்துபோனான். மறுபடி அதே தப்பான பக்கம்தான். லூபிங்கா அவன் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். துடித்தது. இரண்டு துடிப்பு, ஒரு தயக்கம், மறுபடி ஒரு துடிப்பு. அவன் விரலை எடுக்கவில்லை.

"நீ அந்த ஆள்கிட்ட ஏன்க்கா போன?"

லூபிங்கா பந்தை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"மாத்திரை ஒண்ணுகூடச் சாப்பிடல. டப்பாவோட கொப்பரையில போட்டுட்டேன். நீ தினம் மாத்திரையைக் கேட்ட. டாக்டர் ரத்தக்கொதிப்பைக் கேட்டா. தேதி கேக்கப் போனப்ப அந்த ஆள் என் கையைப் புடிச்சு, 'ராத்திரி படுத்தா பயமா இருக்கா'ன்னு கேட்டான். இருக்குன்னேன். ஏமாத்துக்காரன்னு அப்பவே எனக்குப் பாதி தெரியும் தம்பி. ஆனா கேட்டான். நீங்க யாராவது கேட்டிருந்தா அவனுக்கு இந்த ஊர்ல என்ன வேலை? அதையும் கொஞ்சம் யோசி."